ஒட்டு விதை: பூவைத் தொட்ட விரலுக்கு என்ன பங்கு?

பருத்தி இனங்களை ஒன்றோடொன்று ஒட்டுச் சேர்ப்பது பற்றி எழுதப் போகிறோம் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். "கூலி, போனஸ், வேலைப்பளு, பட்டா என்று எழுத எத்தனையோ இருக்க, செடிக்குச் செடி கல்யாணம் செய்து வைக்கிற கதை நமக்கு எதற்கு?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் மில்லில் ரிங் பிரேமுக்கு முன்னால் நிற்கும் தோழரை நாம் திருப்பிக் கேட்கிறோம்: பஞ்சு மட்டமாக வந்து, கதிருக்குக் கதிர் இழை அறுந்து, ஓடி ஓடி ஒட்டிக் கால் வீங்கிய நாள் உங்களுக்கு இல்லையா? கரிசலில் கூலிக்குப் பருத்தி எடுக்கும் சகோதரியையும் கேட்கிறோம்: காடு காய்க்காமல் போனால், எடுப்புக் கூலி முதலில் யாருக்குக் குறைகிறது? ஒரு பருத்திக் கொட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே மில்லின் வேலைப்பளுவும் காட்டின் கூலியும் பாதி தீர்மானமாகிவிடுகின்றன. அந்தக் கொட்டைக்குள் இருப்பதை யார் செய்தார்கள், யார் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்பது நம்முடைய பிரச்னை அல்ல என்று சொன்னால், வேறு எதுதான் நம்முடைய பிரச்னை?

நான்கு இனங்கள்

மனிதர்களில் ஒரு ஜாதிக்காரன் இன்னொரு ஜாதிக்காரியை மணந்தால் 'கலப்பு' என்று சொல்லி அரிவாளைத் தூக்குகிறவர்கள் இன்னும் நம் நாட்டில் இருக்கிறார்கள். விஞ்ஞானத்துக்கு அப்படி ஒரு கலப்பே தெரியாது. மனிதர் எல்லோரும் ஒரே இனம். பருத்தியில்தான் உண்மையாகவே இனங்கள் வேறு வேறு.

பயிர் செய்யப்படுகிற பருத்தி இனங்கள் நான்கு. நம் பாட்டன்மார் கரிசலில் விதைத்த கருங்கண்ணி, ஆர்போரியம் என்ற இனத்தைச் சேர்ந்தது. உப்பம் என்று சொன்ன பருத்தி ஹெர்பேசியம். இவை இரண்டும் பழைய உலகத்துப் பருத்திகள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தோன்றியவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த கம்போடியாப் பருத்தியும், அதன் வழியில் கோயம்புத்தூரில் உருவான எம்.சி.யு. ரகங்களும் ஹிர்சூட்டம் என்ற அமெரிக்க இனம். எகிப்துப் பருத்தி என்று மில்காரர்கள் மதித்துப் பேசும் நீண்ட இழைப் பருத்தி பார்படென்ஸ் என்ற நான்காவது இனம். அதுவும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்ததே. இந்த நான்கு இனங்களும் பயிராகிற நாடு இந்தியா.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கருங்கண்ணி வறட்சி தாங்கும், தத்துப்பூச்சிக்குச் சுலபத்தில் பணியாது; ஆனால் இழை குட்டையாகவும் முரடாகவும் இருக்கும். பார்படென்ஸின் இழை நீளம், மெல்லிசு, பலம்; நூறாம் நம்பருக்கு மேலும் நூற்கலாம். ஆனால் அது நாள் பிடிக்கும், தண்ணீர் கேட்கும், பூச்சிக்கு இளக்காரம். ஹிர்சூட்டம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: நிறையக் காய்க்கும், இழை நடுத்தரம்.

இதன் பலத்தையும் அதன் நயத்தையும் ஒரே செடியில் கொண்டுவர முடியாதா? இந்தக் கேள்வியிலிருந்துதான் ஒட்டுச் சேர்க்கும் வேலை பிறந்தது.

எது சேரும், எது சேராது

உயிருள்ள ஒவ்வொரு அணுவுக்குள்ளும் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. தாய் தந்தையின் குணங்களை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போவது அவைதான். கருங்கண்ணிக்கும் உப்பத்துக்கும் 26 குரோமோசோம்கள். அமெரிக்க இனங்கள் இரண்டுக்கும் 52.

ஏன் சரியாக இரண்டு மடங்கு? இயற்கையே செய்த ஒட்டு அது. சுமார் பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, பழைய உலகத்துப் பருத்தி ஒன்றும், அமெரிக்காவில் காட்டுச் செடியாக நின்ற வேறொரு பருத்தியும் சேர்ந்தன. இரண்டின் குரோமோசோம்களும் ஒரே செடியில் தங்கி இரட்டித்து, 52 உள்ள புதுப் பருத்தி பிறந்தது. அந்தக் காட்டுச் செடியின் கொட்டையில் நூற்பதற்கு உதவுகிற இழையே கிடையாது. ஒன்றுக்கும் உதவாது என்று தோன்றிய செடியும் ஒன்று சேர்ந்தபோதுதான் உலகத்தை உடுத்துகிற பயிர் உண்டாயிற்று. இன்று உலகத்து மில்களில் ஓடுகிற பஞ்சில் மிகப் பெரும்பகுதி அந்தச் சேர்க்கையின் வாரிசுதான்.

இது ஊகம் அல்ல. டெக்ஸாஸ் மாகாணத்தில் பீஸ்லி என்ற விஞ்ஞானி, பழைய உலகத்து ஆர்போரியத்தையும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றையும் சேர்த்து, 52 குரோமோசோம் உள்ள செடியைத் தாமே உண்டாக்கி 1940-ல் காட்டினார்.

52 உள்ள ஹிர்சூட்டமும் 52 உள்ள பார்படென்ஸும் சுலபமாகச் சேருகின்றன. பிள்ளைச் செடியும் காய்க்கிறது. ஆனால் 52 உள்ள அமெரிக்கப் பருத்தியை 26 உள்ள நம் நாட்டுப் பருத்தியோடு சேர்த்தால், தாய்ப் பக்கம் 26, தந்தைப் பக்கம் 13, ஆக 39 உள்ள பிள்ளை பிறக்கிறது. அதில் 13 மட்டும் ஜோடி இல்லாமல் தனியே நிற்கும். ஜோடி சேராததால் மகரந்தமும் சூலும் சரியாக உருவாகாது. செடி செழித்து நிற்கும், பூக்கும், காய் பிடிக்காது. மலடு.

இந்த மலட்டை நீக்கவும் விஞ்ஞானம் வழி கண்டது. கொல்ச்சிசின் என்ற நஞ்சு, குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் என்று 1937-ல் கண்டுபிடித்தார்கள். அதைத் தளிரில் வைத்தால் 39 என்பது 78 ஆகும். எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும். செடி காய்க்கத் தொடங்கும். அதை மறுபடி மறுபடி அமெரிக்கப் பருத்தியோடு சேர்த்து, வேண்டிய குணத்தை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். அந்த நஞ்சு எங்கோ தூர தேசத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மூலனூர்ப் பக்கம் வேலியோரமாகவும் தோட்டத்திலும் கொடியேறி நிற்கிற கண்வலிக்கிழங்கின் விதையில் இருப்பதும் அதே சரக்குதான். நம் விவசாயத் தொழிலாளி அந்தச் செடிக்கும் கையால் மகரந்தம் சேர்க்கிறான்; விதை வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிறது.

இரண்டு பாதைகள்

இங்கேதான் தோழர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். இரண்டு இனங்களை ஒட்டுச் சேர்த்த பிறகு முன்னே இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதல் பாதை நிதானமானது. ஒட்டுச் செடியின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று எட்டுப் பத்துத் தலைமுறை விதைத்து, ஒவ்வொரு முறையும் நல்லதைப் பொறுக்கி, கெட்டதைக் கழித்து, கடைசியில் குணம் மாறாத ஒரு ரகத்தை நிலைநிறுத்துவது. அப்படி நிலைத்துவிட்ட ரகத்தின் கொட்டையை விவசாயி எடுத்து வைத்து மறு வருஷமும் விதைக்கலாம். பக்கத்துக் காட்டுக்காரனுக்கும் கொடுக்கலாம். சூரத் பண்ணையில் அமெரிக்கப் பருத்தியையும் நாட்டுப் பருத்தியையும் சேர்த்து 1950-களில் வந்த தேவிராஜ், தேவிதேஜ் ரகங்கள் இப்படிப் பிறந்தவை.

இரண்டாவது பாதை அவசரமானது. ஒட்டின் முதல் தலைமுறைச் செடிக்கு ஒரு தனி வீரியம் உண்டு. தாயையும் தந்தையையும் விட அது ஓங்கி வளரும், அதிகம் காய்க்கும். அந்த முதல் தலைமுறை விதையையே விவசாயிக்கு விற்பது. இதுதான் வீரிய ஒட்டு. ஆனால் அந்தச் செடியின் கொட்டையை எடுத்து விதைத்தால், ஒன்று பாட்டியைப் போலவும் ஒன்று தாத்தாவைப் போலவும் காடு முழுதும் சிதறிப் போகும். இரண்டு இனங்களின் ஒட்டாக இருந்தால் இந்தச் சிதறல் இன்னும் மோசம். ஆகவே ஒவ்வொரு வருஷமும் புது விதை வாங்கியே தீர வேண்டும். ஒவ்வொரு வருஷமும் யாராவது உட்கார்ந்து, பூப் பூவாக, கையால் ஒட்டுச் சேர்த்தே தீர வேண்டும்.

இரண்டுமே விஞ்ஞானம்தான். இரண்டாவது பாதையையே முதலாளி விரும்புவதற்கு விஞ்ஞானம் காரணமல்ல. முதல் பாதையில் விதையை ஒரு தடவைதான் விற்கலாம். இரண்டாவதில் வருஷா வருஷம் விற்கலாம்.

பொதுப் பணத்தில் பிறந்த பிள்ளை

இரண்டாவது பாதையே தீயது என்று நாம் சொல்லவில்லை. அது நாட்டுக்குச் செய்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது.

1947-ல் தேசம் பிரிந்தபோது, நல்ல பருத்தி விளைந்த சிந்து, மேற்குப் பஞ்சாப் நிலங்கள் பாகிஸ்தானுக்குப் போயின; மில்கள் பெரும்பாலும் இந்தியாவில் நின்றன. நீண்ட இழைப் பஞ்சுக்கு வெளிநாட்டைப் பார்த்துக் கையேந்த வேண்டியிருந்தது. இந்த நிலையில் 1970-ல் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் சி.டி. படேல் ஹிர்சூட்டத்துக்குள்ளேயே இரண்டு ரகங்களைச் சேர்த்து 'ஹைப்ரிட்-4' என்ற வீரிய ஒட்டை வெளியிட்டார். வியாபார ரீதியில் பயிரான வீரிய ஒட்டுப் பருத்திகளில் உலகிலேயே அதுதான் முதலாவது. இரண்டே ஆண்டில், 1972-ல், தார்வாரில் டாக்டர் கட்டர்க்கி அடுத்த படி ஏறினார். ஹிர்சூட்டத்தைத் தாயாகவும் பார்படென்ஸைத் தந்தையாகவும் வைத்து 'வரலட்சுமி'யைக் கொடுத்தார். இனம் விட்டு இனம் சேர்ந்த ஒட்டு, விவசாயியின் காட்டுக்கு வந்தது அப்போதுதான். 1981-ல் அதே தார்வாரிலிருந்து டி.சி.எச்.32 வந்தது. நம் கோயம்புத்தூர் நிலையமும் சும்மா இருக்கவில்லை. பார்படென்ஸுக்குள்ளேயே சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் சேர்த்து, இரண்டு பெயரையும் இணைத்து, 1974-ல் 'சுவின்' என்ற ரகத்தை வெளியிட்டது. 120-ஆம் நம்பர் நூற்கக்கூடிய பஞ்சு அது. அது வீரிய ஒட்டு அல்ல, நிலைத்த ரகம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவை எல்லாம் யார் பணத்தில் நடந்தன? எந்த முதலாளியின் பெட்டியும் இதற்காகத் திறக்கவில்லை. தீப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் கட்டிய வரியிலிருந்து, சர்க்கார் சம்பளம் வாங்கிய விஞ்ஞானிகளும், பண்ணைக் கூலிகளும் சேர்ந்து செய்த வேலை இது. அந்தப் பண்ணைகளில் வெயிலில் நின்று பூவை மூடிக் கட்டிய கூலியாளின் பெயர் எந்த அறிக்கையிலும் அச்சாகவில்லை. என்றாலும் அது அவருடைய வேலையும்தான்.

பிறகு என்ன நடந்தது? 1988-ல் மத்திய சர்க்கார் புதிய விதைக் கொள்கை கொண்டுவந்து கதவைத் திறந்தது. 2002-ல் புழுவைக் கொல்லும் பி.டி. பருத்தி அனுமதி பெற்று வந்தது. பி.டி. என்பது வேறு, வீரிய ஒட்டு என்பது வேறு. அந்தக் குணத்தை நிலைத்த ரகத்திலும் ஏற்றலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் பருத்தி பெரும்பாலும் நிலைத்த ரகமாகத்தான் பயிராகிறது. இந்தியாவில் மட்டும் கம்பெனிகள் அதை வீரிய ஒட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டின் பருத்திக் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த விதைதான் நின்றது.

450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி 'தொழில்நுட்பக் கட்டணம்' என்ற பெயரில் மான்சாண்டோவின் கூட்டுக் கம்பெனிக்குப் போயிற்று. 2006-ல் ஆந்திர சர்க்கார் ஏகபோகத் தடுப்புக் கமிஷனில் வழக்காடி, விலையை 750 ரூபாய்க்கு இறக்கியது. 2015 டிசம்பரில்தான் மத்திய சர்க்கார் விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. ஆக, 750 ரூபாய்க்கு விற்றாலும் கம்பெனி மூழ்கிவிடவில்லை. அப்படியானால் முன்னே வாங்கிய மிச்சப் பணம் எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. புழுவாவது ஒழிந்ததா? 2010-ல் குஜராத்தில் முதல் பி.டி. குணத்துக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பணியவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு குணம் ஏற்றிய விதையையும் அது வென்றுவிட்டது.

நகமும் நூலும்

இந்த விதை எப்படி உண்டாகிறது என்று பார்க்க, சேலம் மாவட்டத்தின் கிழக்கே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம்; அங்கே உள்ளவர்கள் நாளையும் பிழைக்க வேண்டும்.

மாலை மூன்று மணிக்கு வேலை தொடங்குகிறது. மறுநாள் விரியப் போகிற மொட்டுகளைத் தாய்ச் செடியில் தேடிப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் மொட்டின் அடியைச் சுற்றிக் கீறி, இதழையும் மகரந்தக் குழலையும் ஒரே சுழற்றில் கழற்றி எடுக்க வேண்டும். நடுவே சூல்முடி மட்டும் நிற்க வேண்டும். நகம் உள்ளே பட்டால் காய் உதிரும். மகரந்தம் ஒரு துளி தங்கினால் விதை கெடும். கழற்றிய பூவை அடையாளம் தெரிய ஒரு சிவப்புக் காகிதத்தால் மூடுகிறார்கள். மறுநாள் காலை ஆண் செடியில் விரிந்த பூவைப் பறித்து வந்து, காகிதத்தை எடுத்துவிட்டு, சூல்முடி முழுதும் படும்படி தடவுகிறார்கள். ஓர் ஆண் பூவால் நாலைந்து பெண் பூக்களைத் தொடலாம். தொட்ட பூவின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு துண்டு நூல் கட்டுகிறார்கள். எந்த மில் தோழர் நூற்ற நூலோ அது.

ஒரு காயில் இருபது முப்பது கொட்டைதான். ஒரு பொட்டலம் நிரம்ப எத்தனை பூ, எத்தனை நகக்கீறல் என்று தோழர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஏக்கருக்குப் பத்துப் பேர் வரை, இரண்டு மூன்று மாதம், ஒரு நாள் விடாமல் செய்கிறார்கள். ஒரு நாள் விட்டால் அன்றைய பூ வீண். விதைக் காட்டுக்கு மருந்து அடிப்பதும் அதிகம். மருந்து காயாத செடிக்குள் முகத்தை நுழைத்துத்தான் பூத் தேட வேண்டும்.

வரப்பில் உட்கார்ந்து விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒரு சகோதரி சொன்னார்: "அண்ணே, இன்னைக்கு எத்தனை பூ கிள்ளினேன்னு கேளுங்க, சொல்றேன். அந்த வெதை எந்த ஊருக் கடையில என்ன வெலைக்கு விக்குதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அவருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. அதன் கட்டைவிரல் நகம் பச்சைக் கறை பிடித்துக் கறுத்திருந்தது. பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டோம். "லீவுங்க" என்றார் தாய். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே சொன்னார்: "வேற காட்டுக்கு அனுப்பலைங்க. எங்கூடத்தான் நிக்குது. இது வந்தாத்தான் ரெண்டு ஆள் கணக்கு."

காட்டுக்காரரையும் பார்த்தோம். மூன்று ஏக்கர்காரர், அதில் ஒன்றில் விதைப் பருத்தி. கம்பெனி நேராக வருவதில்லை. ஆர்கனைசர் என்று ஒருவர் வருகிறார். தாய் விதை, தந்தை விதை, முன்பணம் எல்லாம் அவர் மூலமாகத்தான். விதைக்கு என்ன விலை என்பதைப் பூப்பதற்கு முன்பே கம்பெனி முடிவு செய்துவிடுகிறது. முளைப்பு போதாது, கலப்பு இருக்கிறது என்று சோதனையில் தள்ளிவிட்டால் நஷ்டம் காட்டுக்காரருக்கு. "கூலி கொடுக்கக் கூடாதுன்னு இல்லைங்க. அவங்க குடுக்கிற வெலையில எங்கே இருந்து குடுக்கறது?" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தம்மை நெரிக்கிற கையை அவர் நன்றாக அறிவார். தாம் நெரிப்பது யாரை என்பதைப் பார்க்கத்தான் அவருக்கு மனமில்லை.

பெரிய கம்பெனிகளின் பொட்டலத்தில் இருக்கிற விதைக்கு ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் குஜராத்திலும் இதே கதைதான். ராஜஸ்தானின் தென்கோடி ஆதிவாசி ஊர்களிலிருந்து குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக ஜீப்பில் ஏற்றிக் குஜராத் விதைக் காடுகளுக்குக் கொண்டு போனது நாடறிந்த விஷயம். "குழந்தைக்கு உயரம் சரியாக இருக்கிறது, விரல் மெல்லிசு" என்று அதற்கு நியாயம் வேறு சொன்னார்கள். குழந்தையின் விரலில் மெல்லிசாக இருந்தது கூலிதான்.

2016-ல் குழந்தை உழைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று வாசலை அடைத்தவர்கள், 'குடும்பத்துக்கு உதவியாகப் பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் செய்யலாம்' என்று கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தார்கள். நாம் பார்த்த தாய் 'லீவுங்க' என்று சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதா? சட்டத்தின் ஓட்டை அந்தத் தாய்க்கும் தெரிந்திருக்கிறது. குற்றவாளி அவர் அல்ல. ஓர் ஆள் கூலியில் குடும்பம் பிழைக்க முடியாதபடி வைத்திருக்கிறவர்கள்தான் குற்றவாளிகள்.

இரண்டு தவறான பேச்சு

சிலர் சொல்கிறார்கள்: "ஒட்டும் வேண்டாம், விஞ்ஞானமும் வேண்டாம், கருங்கண்ணிக்கே திரும்புவோம்." நாட்டுப் பருத்தி மேல் நமக்கும் பற்று உண்டு. மழை பொய்க்கிற கரிசலில் அதன் அருமை தெரியும். ஆனால் அதன் குட்டை இழையை நாற்பதாம் நம்பருக்கும் எண்பதாம் நம்பருக்கும் ஓட்டச் சொன்னால், அறுகிற இழைக்கெல்லாம் மில் தொழிலாளியின் காலும் கண்ணுமே பதில் சொல்ல வேண்டும். நாட்டுப் பருத்தியைக் காப்பாற்ற வேண்டும். அதன் வறட்சி தாங்கும் குணத்தை ஒட்டுச் சேர்த்து மற்றப் பருத்திக்குக் கொண்டு போகவும் வேண்டும்.

மற்றொரு பேச்சு கம்பெனியின் பேச்சு: "நாங்கள் இல்லாவிட்டால் விதை இல்லை." இதற்குப் பதில் சூரத்தும் தார்வாரும் கோயம்புத்தூரும் முன்பே சொல்லிவிட்டன.

நம்முடைய சொந்தக் கணக்கிலும் ஒரு தவறு உண்டு. அதைச் சொல்லாமல் மற்றவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. உலகம் முழுதும் சுற்றிப் பயிர்களின் விதைகளைச் சேகரித்த சோவியத் விஞ்ஞானி வாவிலோவ் 1940-ல் கைது செய்யப்பட்டு, 1943-ல் சரத்தோவ் சிறையில் மாண்டார். குரோமோசோம் பற்றிய விஞ்ஞானமே முதலாளித்துவப் பொய் என்று லைசென்கோ சொன்னதை, 1948-ல் அங்கே அதிகாரபூர்வமான கொள்கையாக்கினார்கள். வெளிநாடுகளில் நம் இயக்கத்தைச் சேர்ந்த பலரும் அதற்குத் தாளம் போட்டார்கள். அது பெரும் பிழை. செடி கட்சித் தீர்மானத்தைப் பார்த்துக் காய்ப்பதில்லை. கம்பெனியின் லாபக் கணக்கைப் பார்த்தும் காய்ப்பதில்லை. விஞ்ஞானத்தை அதன் வழியில் விட வேண்டும். அதன் பலன் யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் நாம் போராட வேண்டும்.

நாம் கேட்பது

முதலாவது: ஒட்டுச் சேர்க்கும் வேலை கைத்தொழில் தெரிந்த வேலை. நாள் கூலி, சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு காசும் குறையாமல் வேண்டும். அதற்குக் காட்டுக்காரர் மட்டும் ஜவாப்தாரி அல்ல. விலையை நிர்ணயித்து விதையை எடுத்துக்கொள்கிற கம்பெனியே ஜவாப்தாரி என்று சட்டம் சொல்ல வேண்டும். விதையின் கொள்முதல் விலை, அந்தக் கூலியைக் கணக்கில் எடுத்த விலையாக இருக்க வேண்டும். இதில் சிறு விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே பக்கம் நிற்க முடியும், நிற்க வேண்டும்.

இரண்டாவது: பூக்கிற பருவத்தில் குழந்தைகள் பள்ளியில் இருக்க வேண்டும். 'குடும்ப உதவி' என்ற கொல்லைப்புறக் கதவை அடைக்க வேண்டும். மருந்து அடித்த காட்டில் இத்தனை நாள் இறங்கக் கூடாது என்ற விதி காகிதத்தில் அல்ல, வரப்பில் அமலாக வேண்டும்.

மூன்றாவது: சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்கள் முதல் பாதைக்குத் திரும்ப வேண்டும். இனங்களை ஒட்டுச் சேர்த்து, விவசாயி எடுத்து வைத்து விதைக்கக்கூடிய நிலைத்த ரகங்களைக் கொடுக்க வேண்டும். அது முடியும் என்பதற்கு லூதியானா விவசாயப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பி.டி. குணமுள்ள நிலைத்த ரகமே சாட்சி. 2001-ஆம் ஆண்டுச் சட்டம், விதையை எடுத்து வைக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. எடுத்து வைத்தால் பலிக்காத விதையை மட்டுமே கடையில் விற்றுக்கொண்டு, எடுத்து வைக்க உரிமை உண்டு என்று சட்டம் பேசுவது, பூட்டிய வீட்டுக்குப் பட்டா கொடுப்பது போல.

நான்காவது: அமெரிக்கக் காட்டுப் பருத்தியான ஹார்க்னெஸ்ஸியின் குணத்தை ஏற்றினால், மகரந்தமே இல்லாத தாய்ச் செடி கிடைக்கிறது. அதில் மாலை நேர நக வேலையே தேவையில்லை. இத்தகைய முறை பரவினால் பாதி வேலை போகும். மில்லில் புது மிஷின் வந்தபோது நாம் என்ன சொன்னோமோ அதையே இங்கும் சொல்கிறோம்: கஷ்டம் குறையட்டும், வரவேற்கிறோம், ஆனால் வேலை இழக்கிற பெண்களுக்கு மாற்று வேலைக்கு ஏற்பாடு செய்யாமல் அந்த லாபத்தைக் கம்பெனி மட்டும் சுருட்டிக்கொள்ள விட மாட்டோம்.

இந்தக் கோரிக்கைகள் விதைக் காட்டில் மட்டும் எழுந்தால் காற்றில் கரைந்துவிடும். மில் வாசலிலும் எழ வேண்டும். பஞ்சாலைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் விதைக் கூலியைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டால் குறைந்து போக மாட்டோம். விதைக் காட்டுப் பெண்கள் சங்கம் சேர்கிற நாளில், மில் தோழர்கள் நாலு பேர் சைக்கிளிலோ பஸ்ஸிலோ போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தச் சேலம் கிராமத்தில் அடுத்த பூப் பருவத்துக்கு முன்பு சங்கக் கிளை ஒன்று தொடங்குவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். வரக்கூடிய தோழர்கள் தங்கள் கிளை அலுவலகத்தில் பெயர் கொடுக்கட்டும்.